உள்பக்கக் கண்ணாடி

"இதுக்கு முன்னாடி இந்த வண்டியை யாரு வச்சிருந்தாங்க? அதைச் சொல்லுங்க. அப்புறம்தான் கை வைப்பேன்."

கேட்கவே கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொல்லி வைத்திருந்தது இதைத்தான். பழைய கார் விற்பவர்களிடம் வேலை எடுத்தால் இரண்டே கேள்விகள். எத்தனை மணிக்கு வேண்டும்? சீட்டைக் கழற்ற வேண்டுமா? மூன்றாவது கேள்வி வந்தால் அடுத்த வண்டி வராது. தெரிந்தேதான் கேட்டேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கெஞ்சி நம்ப வைக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. ஆனால் நேரத்தில் மட்டும் பிசகு இருக்காது. எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று போனில் குறித்துக்கொள்வது என் வழக்கம். அந்தக் குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை. மாலை 4.10.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வணிகவியல், கடைசி வருடம். அம்மா ஒரு ஐந்து மாடிக் குடியிருப்பில் படிக்கட்டு கழுவுகிறாள். முட்டி இரண்டும் போய்விட்டன. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நண்டு மாதிரி இறங்குவாள். பட்டம் வாங்கி, வேலை தேடி, அது கிடைத்து நான் அவளை உட்கார வைப்பதற்குள் அந்த முட்டி மிச்சமிருக்காது. அதனால்தான் சனி, ஞாயிறுகளில் கார் டீட்டெயிலிங் ஆரம்பித்தேன்.

கார் கழுவுகிறாயா என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கழுவுவது வேறு, இது வேறு. சீட்டுத் துணிக்குள் இறங்கிய கறையை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏசி வழிகளுக்குள் பிரஷ் விட வேண்டும். கண்ணாடிக்கென்று ஒரு முறை இருக்கிறது. வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும், உள்பக்கத்தை இடமும் வலமுமாக. கடைசியில் எங்காவது கோடு தெரிந்தால், அது எந்தப் பக்கத்துக் கோடு என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

வேலை கொடுத்தவர் ஒரு பழைய கார் புரோக்கர். இடுப்பில் எப்போதும் சாவிக் கொத்து தொங்கும், அதனால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். விற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தகர ஷெட்டை எனக்கு ஒதுக்கியிருந்தார். ஒரு ஷட்டர், ஒரு டியூப் லைட், ஒரு குழாய். ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிகளுக்கு ஒடுக்கெடுக்கும் டிங்கர் கடை. அந்த டிங்கர் அண்ணன் கடையிலேயே சமைத்து, கடையிலேயே படுப்பவர்.

அன்றைக்கு வந்தது சாம்பல் நிறக் கார். இதை எட்டு மணிக்குள் முடித்துக் கொடுத்தால், இனி அவரிடம் வரும் எல்லா வண்டியும் எனக்குத்தான் என்று சாவிக்காரர் சொல்லியிருந்தார். எல்லா வண்டியும் என்றால் அம்மா வேலையை விட்டுவிடலாம். அவ்வளவு பெரிய வார்த்தை அது. அப்படி இருந்தும் வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால், கதவைத் திறந்ததும் உள்ளே ஷாம்பு வாசனை வந்தது. வண்டி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

கேள்வி கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்ச பொண்ணுங்களால இதான் தொல்லை. வண்டியே வாயைத் திறக்கல, உனக்கு எதுக்கும்மா வாய்?"

பிறகு, வாடிக்கையாகச் சொல்வதைச் சொன்னார். முடித்ததும் இன்ஜினை ஓட விட்டு, ஏசி போட்டு, எல்லாக் கதவையும் மூடிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாசனை எதுவும் வரக் கூடாது. சரி என்றேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான், எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது வணிகவியல்.

4.25. டிரைவர் சீட்டைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இடிக்கிற அளவுக்கு முன்னால் இழுத்து விடப்பட்டிருந்தது. இந்த வண்டியை ஷெட்டுக்குள் ஓட்டி வந்தவர் சாவிக்காரர். அவருடைய தொப்பை அந்த இடைவெளியில் எப்படி நுழைந்தது? சிரிப்புதான் வந்தது. சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

5.05. பின் சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, ஒரு மஞ்சள் துணி கிடைத்தது. நாங்கள் துடைக்கப் பயன்படுத்தும் அதே மாதிரித் துணி. எட்டாக மடித்திருந்தது. வேலை தெரிந்தவர்கள் மட்டும்தான் அப்படி மடிப்பார்கள், ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம் கிடைக்கும் என்று.

துணி ஈரமாக இருந்தது.

5.40. மழை பிடித்தது. தகரத்தின் மேல் கூழாங்கல்லைக் கொட்டுகிற சத்தம். சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டேன். திரும்பி வந்தால்... டிரைவர் சீட் முன்னால் இருந்தது.

சரிவில் நிற்கிறது போல, பூட்டு தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி பின்னுக்குத் தள்ளினேன். 'டக்' என்று பூட்டு விழுந்தது. ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

தரையையும் பார்த்தேன். சரிவு இல்லை.

6.15. கண்ணாடி. முதலில் வெளிப்பக்கம். மேலும் கீழுமாக ஆறு கண்ணாடிகளையும் முடித்தேன். உள்பக்கத்தை இன்னும் தொடவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொடவில்லை.

6.31. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன்.

இருந்தது.

இடமிருந்து வலமாக.

கதவைத் திறந்து விரலால் தொட்டேன். ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.

ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓடினால் இனி வரப்போகும் வண்டியெல்லாம் போய்விடும். மழை, ஈரக் காற்று, கண்ணாடி வேர்க்கிறது... இப்படி ஆயிரம் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் முட்டிக்கு முன்னால் ஒரு கோடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. 6.50-க்கு சாவிக்காரர் போன் செய்தார். வாசனை பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

6.58. உள்பக்கக் கண்ணாடியை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே உட்கார்ந்தேன். இன்ஜினைப் போட்டேன். ஏசி. நான்கு கதவும் மூடியாயிற்று. வெளியே ஷட்டரும் மூடித்தான் இருந்தது.

7.02. தலை லேசாக வலித்தது. மதியம் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

7.04. கண் சொருகியது. இதமாக இருந்தது. அதுதான் இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது... அவ்வளவு இதமாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கீச்...

கீச்...

கண்ணாடியில் துணி தேய்கிற சத்தம். எனக்குப் பின்னாலிருந்து.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தேன். பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனால் பின் கண்ணாடியில்... ஒரு ஈரப் பட்டை. இடமிருந்து வலம் போனது. நின்றது. வலமிருந்து இடம் வந்தது.

கீச்... கீச்...

இன்னொரு சத்தம். முன்னாலிருந்து.

என் முகத்துக்கு நேரே.

ஒரே தாளத்தில் இல்லை. பின்னால் மெதுவாக. முன்னால் வேகமாக.

ஒரே ஆளின் இரண்டு கைகள் இல்லை.

இரண்டு பேர்.

கத்த வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. கதவைத் திறக்கக் கை நீட்டினேன். கை மடியிலேயே கிடந்தது.

டக்.

சீட் அசைந்தது.

டக்... டக்...

முன்னால் போகிறது. என்னோடு சேர்த்து. சீட்டுப் பூட்டின் ஒவ்வொரு பல்லாக.

முட்டி இடித்தது.

டக்...

வயிறு.

டக்...

நெஞ்சு.

7.09.

ஹாரன் அலறியது. என் நெஞ்சு அழுத்தி, என் காதுக்குள்ளேயே. அந்த அலறலில்தான் கை உயிர் பெற்றது. கதவைத் திறந்து தரையில் விழுந்தேன். எழுந்து நிற்க முடியவில்லை. தவழ்ந்து போய் ஷட்டரை ஒரு முழம் தூக்கி, அந்தச் சந்தில் புகுந்து வெளியே மழையில் கிடந்தேன். வாந்தி எடுத்தேன். எழுந்ததும் ஓடினேன். செருப்பு உள்ளேயே இருந்தது.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. அம்மா முட்டிக்குச் சூடான துணி வைத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றேன்.

ஞாயிறு காலை 8.40. சாமான்களை எடுக்கப் போனேன். டிங்கர் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏம்மா, உள்ள ஆள் யாரையாவது விட்டுட்டுப் போனியா?"

இல்லை என்றேன்.

நேற்று ஹாரன் கேட்டு அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். நான் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். ஷட்டரை முழுக்கத் தூக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு போய் இன்ஜினை அணைத்து, கதவுகளைச் சாத்தி, உள்ளே கிடந்த சாவியால் ஷெட்டை வெளியே பூட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறார். உள்ளே ஒரு ஈ எறும்பு இல்லை, நானே பார்த்தேன் என்றார்.

"அதுக்கப்புறமும் துடைக்கிற சத்தம். விடியற வரைக்கும்மா."

அவராகவே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால், என்னைப் போலவே கல்லூரியில் படித்துக்கொண்டே இந்த வேலையை ஆரம்பித்த இரண்டு பெண்கள். சிநேகிதிகள். இதே ஷெட். இதே கார். அன்றைக்கும் மழை, ஷட்டரை இறக்கியிருந்தார்கள். முன் சீட்டில் ஒருத்தி, குட்டையான பெண், ஸ்டியரிங்கை ஒட்டித்தான் உட்காருவாளாம். பின் சீட்டில் ஒருத்தி, கையில் மடித்த துணி. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. புகை போக வழியில்லை. இரண்டு பேரும் தூங்குகிற மாதிரி இருந்தார்களாம்.

"எதுக்கு உள்ள உட்கார்ந்தாங்க?" என்று கேட்டேன்.

"வாசனை பார்க்க. பத்து நிமிஷம் உட்காரச் சொன்னது சாவிக்காரருதான்."

"அவருக்கு... எப்படிச் செத்தாங்கன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னைக்கு நான் ஷட்டரைத் தூக்குறப்ப டார்ச் அடிச்சதே அவருதான்."

அந்த இருவரும் என்னை எழுப்பினார்களா? இல்லை, எங்கள் இடத்திலிருந்து எழுந்திரு என்றார்களா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தெரியவில்லை.

உறிஞ்சும் மிஷினையும் பிரஷ்களையும் டிங்கர் அண்ணனிடமே விட்டேன், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். நாளையிலிருந்து காலையில் நானும் படிக்கட்டுக்கு வருகிறேன், மேல் மூன்று மாடி எனக்கு என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

"சரி. வழவழன்னு இருக்கிற செருப்பு வேண்டாம். வழுக்கும்."

9.20. சாவிக்காரரின் அறைக்குப் போனேன். டிங்கர் அண்ணன் கொடுத்த ஷெட்டுச் சாவியை மேசையில் வைத்தேன். அவர் அப்போதுதான் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகமெல்லாம் பல்.

பாதியில் விட்டுப் போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். பாராட்டினார். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வேலை பார்த்ததில்லையாம். உள்பக்கக் கண்ணாடி, கண்ணாடியே இல்லாத மாதிரி இருக்கிறதாம். சொன்ன சொல் மாற மாட்டாராம், இனி எல்லா வண்டியும் எனக்குத்தானாம். அம்மாவை வீட்டில் உட்காரச் சொல்லிவிடு என்றார்.

"உள் கண்ணாடியை நான் துடைக்கவே இல்ல சார்."

அவர் சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்சம்கூட நிற்கவில்லை.

"யாரு துடைச்சா என்னம்மா? சுத்தமா இருக்குல்ல. அடுத்த வாரம் உன் கூடப் படிக்கிற பொண்ணு ஒண்ணையும் கூட்டிட்டு வா. ரெண்டு பேரா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்."

சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லியாயிற்று. திரும்பி நடந்தேன். பின்னால் அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

9.31.