கண்ணாடி இல்லாத அறை

சலூன் மாஸ்டருக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் அந்தத் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கும். கத்தரி கைக்கு வந்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும். வாடிக்கையாளரின் தலையைக் குனியவைத்துவிட்டு, பின்னால் நின்று, எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துப் பேசுவார். அரசியல், மாமியார் சண்டை, மூட்டு வலி, எதையும் விட்டுவைக்க மாட்டார்.

ஆனால் விதி யாரை விட்டது! அந்த மகராசன் இப்போது கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடும் சரக்குதான் காரணம். அன்று வங்கி மேலாளருக்குச் சவரம் செய்யும்போது கத்தி காதோரம் நடனமாடியது. மேலாளர் துள்ளி எழுந்தார். பாதி முகத்தில் நுரையோடு தெருவைத் தாண்டி ஓடி, எதிர்க்கடை நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் போட்ட நுரையை எதிர்க்கடைக்காரன் வழித்தான்! ஒரு சலூன்காரனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

மருந்துக்கடையில் பில் போடும் மனைவியின் காதுக்குச் சேதி வருவதற்கு எத்தனை நேரமாகும்?

"குடியை விட்டவங்க, விட நினைக்கிறவங்க எல்லாம் ஒண்ணா உட்கார்ந்து பேசற கூட்டம் ஒண்ணு நடக்குதாம். போங்க" என்றாள்.

"போறேம்மா. போய் உட்கார்ந்துட்டு வரேன்."

"உட்கார்றதுக்கு நம்ம கடையிலேயே நாற்காலி காலியாத்தானே இருக்கு? அங்க வாயைத் திறந்து பேசணும். பேசாம திரும்பி வந்தீங்கன்னா, நானும் பொண்ணும் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவோம்."

"எங்க நடக்குதாம்?"

"அதையும் நானே தேடித் தரணுமா? குடிக்கற இடத்தை யாரைக் கேட்டுக் கண்டுபிடிச்சீங்க?"

யாரைக் கேட்பது? வாடிக்கையாளரைக் கேட்டால் மானம் கப்பலேறும். டாக்டரைக் கேட்டால் அறிவுரை மழை. யோசித்து யோசித்து, கடைசியில் அவர் போய் நின்ற இடம் வழக்கமான பார்.

"தம்பி, இங்க வராம நின்னுபோனவங்க எல்லாம் எங்க போறாங்க?" என்றார் சர்வரிடம்.

சர்வர் மேஜையைத் துடைத்தபடி பெருமூச்சு விட்டான். "என் நல்ல கஸ்டமரையெல்லாம் அந்த நூலக மாடிதான் சார் முழுங்கிடுச்சு. சனிக்கிழமை சாயங்காலம். நீங்களுமா? அப்ப என் டிப்ஸ்?"

சனிக்கிழமை வந்தது. மனைவியும் கூடவே வந்தாள். "மேலே போங்க" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டின் அடியில் காவல்காரியைப் போல உட்கார்ந்துகொண்டாள்.

மாடி அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்த மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வட்டத்துக்கு ஏது பின்வரிசை? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம், அதில் இரண்டு கண்கள். சுவரில் பெயருக்குக்கூட ஒரு கண்ணாடி இல்லை.

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "உள்ளே நகர்ந்து உட்காருங்க, படியில நிக்காதீங்க. இங்க பேர் வேண்டாம், கஷ்டத்தைச் சொன்னா போதும்" என்றார்.

ஒரு வக்கீலம்மா பேசினார். உடம்பில் பாதி வயிறாக இருந்த ஒரு சமையல்காரர் பேசினார். பிறகு எல்லா முகங்களும் மாஸ்டர் பக்கம் திரும்பின.

"நான் வந்து... அதாவது..."

அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 

"பரவாயில்ல, அடுத்த வாரம் பேசுங்க" என்றார் கண்டக்டர் இரக்கத்தோடு.

அடுத்த வாரமா? அதற்குள் வீடு காலியாகிவிடுமே! படிக்கட்டில் அவள் கேட்கப்போகும் கேள்வியை நினைத்ததும் மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வட்டத்துக்கு வெளியே வந்து, நாற்காலிகளுக்குப் பின்னால் நடந்தார். சமையல்காரரின் முதுகுப்பக்கம் வந்தபோது கால்கள் நின்றுவிட்டன. அந்தப் பிடரியில் முடி ஏறுக்கு மாறாக வளர்ந்து கிடந்தது. மாஸ்டரின் கை தன் பாட்டுக்கு நீண்டு அந்தத் தலையைப் பிடித்து முன்னால் குனியவைத்தது. மறுநொடி, வாய் திறந்தது!

"குனிஞ்சே இருங்க சார். ஆடாதீங்க."

"சைடு மட்டும் கொஞ்சம் குறைச்சுடுங்க" என்றார் சமையல்காரர், கண்ணை மூடிக்கொண்டு. அறை வெடித்துச் சிரித்தது.

"சிரிச்சா தலை ஆடும்" என்று அதட்டிவிட்டு மாஸ்டர் தொடர்ந்தார். "கை நடுங்குதுன்னு குடிக்கிறேன். குடிச்சா இன்னும் நடுங்குது. காலேஜ் படிக்கிற என் பொண்ணு முடி வெட்டிக்க எதிர்க்கடைக்குப் போறா சார். அப்பன் பார்த்துடக் கூடாதுன்னு பின்தெரு வழியா சுத்திப் போறா. நான் பார்த்துட்டேன். பார்த்துட்டு நேரா போய்க் குடிச்சேன். விட முடியலை. எனக்கு விடத் தெரியலை."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்திருந்த சமையல்காரரின் தோள்கள் குலுங்கின. வக்கீலம்மா கைப்பையில் எதையோ தேடுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். கண்டக்டர் மட்டும், "பேசிட்டீங்க சார்" என்றார்.

கீழே மனைவி எழுந்து நின்றாள். "பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

மாஸ்டர் மெல்ல அவள் முதுகுப்பக்கம் நகரப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எதிரே நிறுத்தினாள். "இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை. திக்கித் திணறி, பாதி விழுங்கி, மறுபடி ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். மகள் பின்தெருவில் போனதையும் சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள். "கூட்டிட்டுப் போனதே நான்தான். திரும்பி வர்ற வழியெல்லாம் ரெண்டு பேரும் அழுதோம்."

அவர் தலை குனிந்தார்.

"அண்ணன் வீட்டுக்கு வரலைன்னு போன் பண்ணிடறேன்."

"எப்பவுமே வரலைன்னு சொல்லிடேம்மா!"

"ஆசையைப் பாரு! இந்த வாரம் வரலைன்னுதான் சொல்வேன்" என்றபடி அவள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தும் விரல்கள் அவருடைய கையை விட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தன.