மூன்று சக்கர சைக்கிளும் குளியலறைத் தாழ்ப்பாளும்

இந்நிகழ்ச்சி நடந்தபோது எனக்கு வயது ஒன்பது. நான்காம் வகுப்பில் நான் முதல் மாணவன். கரும்பலகையின் மேல்மூலையில் நாள்தோறும் தேதியும் வருகை எண்ணிக்கையும் எழுதும் பொறுப்பை ஆசிரியர் என்னிடமே ஒப்படைத்திருந்தார். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வரிசையிலிருந்த பன்னிரண்டு வீடுகளில் மூன்று சக்கர சைக்கிள் இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். பிற்காலத்தில் நான் பொறியியல் கல்லூரியில் பயின்று, அரசுப் பணியில் பாலங்கள் கட்டி, ஓய்வு பெற்றேன். கட்டிய பாலங்களில் ஒன்றேனும் இதுவரை விரிசல் கண்டதில்லை. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அண்மையில் விக்கிரவாண்டி அருகே ஒரு திருமண மண்டபத்தில், என் முன்னிலையிலேயே, சில செய்திகள் தவறாகச் சொல்லப்பட்டன. அவற்றைத் திருத்த முற்படுபவன் யார் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும்.

அந்த சைக்கிளை என் மூன்றாம் வயதில் வாங்கித் தந்தவர் திண்டிவனத்து மாமா. என் தாயின் அண்ணன். அவ்வூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தவர். ஒன்பது வயதில் அந்த சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால்கள் கைப்பிடியில் இடித்தன என்பது உண்மை. எனவே முழங்கால்களை இருபுறமும் அகல விரித்து மிதிக்கும் ஒரு முறையை நானே வகுத்துக் கொண்டிருந்தேன். பார்ப்பதற்குத் தவளை போலிருப்பதாகத் தங்கை சொல்வாள். அவளுக்கு வயது ஐந்து. அவளுடைய கருத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

அரையாண்டு விடுமுறையின் முதல் திங்கட்கிழமை மாமாவிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. மண்டி உரிமம் தொடர்பாக விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை இருக்கிறது. வியாழன் மாலை வந்து மூன்று நாள் தங்குவேன். என் மகனுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டதால், ஞாயிறன்று திரும்பும்போது சைக்கிளை எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். இவ்வளவே செய்தி. கொடுத்தவரிடமே பொருள் திரும்புவதுதான் முறை என்று அப்பா சொல்லிவிட்டார். ரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தராயிருந்த அவர், முறை என்று ஒரு சொல் சொன்னால் அதன்பிறகு பேச்சுக்கு இடமில்லை.

ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். செவ்வாயன்று விடை கிடைத்தது. விளையாட்டுப் பொருளைத்தான் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு மாற்றலாம். வீட்டு வேலை செய்யும் வண்டியை மாற்ற முடியாது. ஆகவே சைக்கிளுக்கு வேலை கொடுக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் அம்மா நான்கு படி கேப்பையைத் தகர டப்பாவில் போட்டு, இடுப்பில் சுமந்து, லெவல் கிராசிங்குக்கு அப்பாலிருந்த மில்லில் அரைத்து வருவாள். வீடு திரும்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அந்த டப்பாவை சைக்கிள் சுமக்குமானால் யார் அதைத் திண்டிவனத்துக்குக் கொண்டு போக முடியும்?

எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து பார்த்தால் யார்டு தெரியும். கரி எஞ்சின் பெட்டிகளைச் சேர்ப்பதையும் பிரிப்பதையும் பிறந்தது முதல் பார்த்தவன் நான். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டி; வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். இந்த எண்ணம் தோன்றியபோது எனக்குப் பசிக்கவில்லை. அப்பாவிடம் போய், பொதுவாகக் கேட்பதுபோல, சைக்கிளில் ஒரு சிறு துளை இடலாமா என்று கேட்டேன். ஆணி கூடாது, துளை கூடாது, வந்தபடியே போக வேண்டும் என்றார். அந்தத் தடையே என் வடிவமைப்பின் அடிப்படையாயிற்று.

மளிகைக் கடையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டி கிடைத்தது. சக்கரங்களைத் தங்கையின் பழைய நடைவண்டியிலிருந்து எடுத்தேன். அவள் அழுது முடித்தபின், பெட்டியில் அவளே ரயில் கார்டாகப் பயணம் செய்வாள் என்ற உடன்பாடு ஏற்பட்டது. சைக்கிளின் பின்பலகையை மேலும் கீழுமாக இரண்டு கட்டைகளால் கவ்வி, மரைகளைக் கையாலேயே முறுக்கிப் பொருத்தினேன். துளை இல்லை, ஆணி இல்லை. எஞ்சியது இணைப்பு. முதலில் கயிறு கட்டினேன். கயிறு இழுத்தது, ஆனால் நான் நின்றபோது பெட்டி நிற்காமல் வந்து முதுகில் இடித்தது. சைக்கிள் டியூபைக் கட்டினேன். பெட்டி போதை ஏறியவனைப்போல் தெருவின் இருபக்கமும் ஆடியது. தேவைப்பட்டது ஒரு கம்பி. மேலே தூக்கினால் விடுபட வேண்டும், கீழே இறக்கினால் பிடிக்க வேண்டும், வளைவில் திரும்பவும் இடம் தர வேண்டும்.

வியாழன் பிற்பகல், வீட்டிலிருந்த தாழ்ப்பாள்கள் ஆறையும் ஆராய்ந்தேன். குளியலறைத் தாழ்ப்பாள்தான் நீளமும் நேருமாக இருந்தது. குளிப்பவர்கள் எல்லோரும் வீட்டு மனிதர்கள். கதவின்மேல் ஒரு துணி தொங்கினால் உள்ளே ஆள் இருப்பது தெரிந்துவிடும். மழுங்கிய கத்தியால் ஆறு திருகாணிகளையும் கழற்றினேன். கட்டையின்மேல் தாழ்ப்பாளைச் செங்குத்தாகப் பொருத்தி, பெட்டியிலிருந்து நீண்ட சட்டத்தில் ஒரு துளையிட்டு, அதற்குள் கம்பியை இறக்கினேன். கிளுக் என்று விழுந்தது. தூக்கினேன், பிரிந்தது. இறக்கினேன், சேர்ந்தது. முப்பது தடவையாவது அதைச் செய்திருப்பேன். பின்னாளில் பாலங்களைத் திறந்து வைக்க அமைச்சர்கள் வந்ததுண்டு. அந்தக் கிளுக்குக்கு ஈடான ஒன்றை நான் பிறகு கேட்டதில்லை.

அந்தத் தாழ்ப்பாளில் சரக்குப் பெட்டிகளுக்குப் பூசும் அதே காவிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். குடியிருப்பின் கதவுகள் அனைத்துக்கும் அதே சாயம்தான். அந்தச் சாயம் விழுப்புரத்தில் வேறெந்த வீட்டிலும் இராது.

மாலை மாமா வந்தார். கட்டிலடியில் சாக்கு மூடியிருந்த சைக்கிளைப் பார்க்கக் குனிந்தார். சாக்கை விலக்கினார். கம்பியை இருமுறை தூக்கி இறக்கினார். கொல்லைப்புறக் கதவு வழியாக ஒருமுறை வெளியே குளியலறைப் பக்கம் பார்த்தார். சாக்கைப் பழையபடி மூடினார்.

"யார்ரா செஞ்சது, மருமவனே?"

நானே செய்தேன் என்றேன்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

மறுநாள் காலை குளியலறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. மண்டியில் படி அளப்பவர்கள் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம் என்றே தொடங்குவார்கள். மாமா ஒவ்வொரு சொம்பு தண்ணீருக்கும் அந்தக் கணக்கை இராகம் போட்டு நீட்டினார். லாபம்... ரெண்டு... மூணு... நாற்பத்தேழு வரை போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். மண்டி நன்றாக நடப்பதால் அண்ணன் மகிழ்ச்சியாயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் இணைப்பைப் பார்த்ததும் அம்மகிழ்ச்சிக்கு ஒரு காரணமாயிருக்கலாம் என்றும் எண்ணினேன்.

அப்பா இரவுப் பணி முடிந்து வெள்ளி மாலைதான் குளிக்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வீட்டின் கதவு, தாழ்ப்பாள், சன்னல் அனைத்தும் அரசாங்கச் சொத்து. அவற்றின் பட்டியல் கூடத்துக் கதவின் பின்புறம் ஒட்டப்பட்டிருந்தது. அப்பா அந்தப் பட்டியலின் முன் எங்களை வரிசையாக நிறுத்தினார். கையில் ரூல்தடி. முதலில் அம்மாவைக் கேட்டார். பிறகு தங்கையைக் கேட்டார். அவள் தன் சக்கரங்கள் போனதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அடுத்தது நான். பயன்பாட்டுக்காக எடுத்தது திருட்டாகாது என்ற விடை என்னிடம் தயாராயிருந்தது என்று இத்தனை ஆண்டுகள் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில் பட்டியலில் தாழ்ப்பாள் ஆறு என்றிருந்த வரியையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

"நான்தான் மாப்ள" என்றார் மாமா. "காலைல வேகமா இழுத்துட்டேன். கையோட வந்துடுச்சு. எங்க போய் வுழுந்துச்சோ தெர்ல."

அப்பா ரூல்தடியை மேசைமேல் வைத்தார். பிறகு, அரசாங்கச் சொத்து என்பது என்ன, மண்டியில் மூட்டையை இழுப்பதற்கும் வீட்டில் கதவை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்று நெடுநேரம் விளக்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேலிருந்து கேட்டார்கள். மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வெயிலோ வியர்வையோ இல்லாத நேரத்தில் துண்டை ஏன் எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்காக நான் இரங்கினேன். நேற்றுக் கையால் தொட்டுப் பார்த்த தாழ்ப்பாளை அடையாளம் காணத் தெரியவில்லை. செய்யாததைச் செய்ததாக நினைத்துக் கொள்கிறார். பெரியவர்களில் சிலருக்குக் கூர்ந்து நோக்கும் பழக்கமில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

சனிக்கிழமை விடிந்தது. குளியலறையில் லாபம் ஐம்பத்திரண்டு வரை போயிற்று. அதன்பின், அப்பா பணியிலிருந்து திரும்பி உறங்கிய நேரத்தில், என் வண்டி புறப்பட்டது. பெட்டியில் கேப்பை டப்பா, டப்பாவைக் கட்டிக்கொண்டு தங்கை, அவள் கையில் அம்மாவின் ரவிக்கைத் துணியில் கிழித்த பச்சைக் கொடி. குடியிருப்புப் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். மில்லில் வரிசையில் நின்றிருந்த பெண்கள் விலகி வழி விட்டார்கள். மில்காரர் இணைப்பைக் குனிந்து பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மேல் ஒரு பாராட்டு உண்டா?

திரும்பும்போது மாவு சூடாயிருந்தது. லெவல் கிராசிங் மேட்டில் தங்கை இறங்கித் தள்ளினாள். உச்சியில் ஏறி அமர்ந்து கொடியசைத்தாள். இறக்கம் தொடங்கியது. ஏறும்போது சுமையாயிருந்த பெட்டி இப்போது என்னைத் தள்ளியது. மூன்று சக்கர சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பெடல்கள் என் கால்களை உதறிவிட்டுத் தாமாகச் சுழன்றன. காதுக்குள் காற்று இரைந்தது. எதிரே எங்கள் வரிசையின் திருப்பம்; திருப்பத்தில் எஞ்சின் சாம்பல் குவியல்; அதை ஒட்டிச் சாக்கடை. அச்சத்தைவிட மகிழ்ச்சியே பெரிதாயிருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். ஆபத்து என்றால் கம்பியைத் தூக்கு என்று தங்கைக்குக் கற்பித்திருந்தேன். அவள் குனிந்து, இரு கைகளாலும் பிடித்து, தூக்கினாள். பெட்டியின் சட்டம் மண்ணில் குத்தி நின்றது. அவளும் மாவும் பத்திரமாயிருந்தார்கள். நான் மட்டும் சாம்பல் குவியலுக்குள் போனேன்.

வாசலில் நின்றிருந்த மாமா ஓடி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தி, கை கால்களை ஆட்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தானைப் போட்டபடி அப்பா பின்னால் வந்து கொண்டிருந்தார். மாமா சைக்கிளின் பக்கம் குனிந்து, மரைகளைக் கையால் திருகி, கட்டையைத் தாழ்ப்பாளோடு கழற்றித் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கழற்றுவதற்கு எவ்வளவு எளிது என்பதை அந்த நேரத்திலும் நான் பெருமையோடு கவனித்தேன். அப்பா வந்து சேர்ந்தபோது அங்கே இருந்தவை ஒரு சைக்கிள், ஒரு பெட்டி, சாம்பல் பூசிய நான்.

ஞாயிறு காலை மாமா புறப்பட்டார். கையில் என் சோப்புப் பெட்டி. அதற்குள் துண்டில் சுற்றிய கட்டை. சைக்கிளை எடுத்துப் போகவில்லையா, குழந்தை காத்திருப்பானே என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டையும் தூக்கிக்கினு பஸ்ஸுல ஏற முடியுமா? வேலை செய்யுற வண்டி, அது இங்கயே இருக்கட்டும்மா. எனக்கு இந்தப் பொட்டி போதும்."

நான் வாசலில் நிமிர்ந்து நின்றேன். சைக்கிளை விட்டுவிட்டு இணைப்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் அதன் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாதிரிக்காக எடுத்துப் போகிறார். இப்படித்தான் அன்று புரிந்து கொண்டேன். திண்டிவனத்து மண்டியில் பிறர் அவர்முன் தோள்துண்டை எடுத்துக்கொண்டு நிற்பார்கள் என்பதும், தங்கை கணவன் முன்னால் ஓர் அண்ணன் அப்படி நிற்பது எத்தகையது என்பதும், என் பெட்டிக்குள் அவர் சுமந்து போனது என்ன என்பதும், சைக்கிளுக்காகத் திண்டிவனத்து வீட்டு வாசலில் நின்றிருந்த மூன்று வயதுப் பிள்ளையிடம் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதும் எனக்கு அன்று தோன்றவேயில்லை.

விக்கிரவாண்டி மண்டபத்தில் மணமகளின் தாத்தா ஒலிபெருக்கியைப் பிடித்தார். அந்த மூன்று வயதுப் பிள்ளைதான் இன்று அந்தத் தாத்தா. தன் தந்தை வெறும் கையால் தாழ்ப்பாளைப் பிய்த்த பலசாலி என்றும், பிய்ந்ததை வீணாக்காமல் அதை வைத்தே தனக்கு ஒரு பெட்டி வண்டி செய்து கொண்டுவந்த கைத்திறன் உடையவர் என்றும், விழுப்புரத்தில் மூன்று நாள் விடியலில் பாடி ஊரையே எழுப்பிய இசைப்பிரியர் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த என் தங்கை என் காதருகே குனிந்தாள்.

"நீ சொல்றியா, நான் போய் சொல்லட்டுமா?"

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். பெட்டியை என்னுடையது என்றால் தாழ்ப்பாளையும் என்னுடையது என்றாக வேண்டும். அதனாலேயே அறுபது ஆண்டுகளாக இரண்டையும் பற்றி வாய் திறக்காமல் இருந்தேன்.

பெட்டியை மாமா செய்யவில்லை, நான் செய்தேன். தாழ்ப்பாளை மாமா பிய்க்கவில்லை, நான் கழற்றினேன். மாமாவுக்குப் பாடவும் வராது. அவர் குளித்தபோது அந்தக் கதவில் தாழ்ப்பாள் இல்லை.