வீட்டுக்குப் புதிதாக வந்தது

சேவூரில் அருணகிரியின் கையைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். பட்டுப்புடவைக்குக் கரை சேர்த்து நெய்வதில் அந்தக் கைக்கு ஈடு கிடையாது என்பது ஒன்று. அது எப்போது யார் கன்னத்தில் இறங்கும் என்று சொல்ல முடியாது என்பது இன்னொன்று. அப்பாவிடம் அடி வாங்கியே தொழில் கற்றவன் அவன். இழை தப்பினால் முதுகில் ஒன்று, ஏன் என்று கேட்டால் இரண்டு. அதனால் ஏன் என்று கேட்பதைச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டான். பழைய டிவி மங்கினால் அதன் தலையில் ஓங்கித் தட்டுவான். பாழாய்ப்போன டிவியும் தெளிந்துவிடும். அடித்தால் எதுவும் வழிக்கு வரும் என்று அவன் நம்பியதில் அந்த டிவிக்கும் பங்கு உண்டு.

மனைவி ஸ்வர்ணலதா வாய் திறக்க மாட்டாள். தம்பி ஹேமநாத் தறியில் அவனுக்குத் துணைக்கை. கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்யும் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் ஒரு பக்கமிருந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிவான், தம்பி மறுபக்கம் உட்கார்ந்து வாங்கித் திருப்பிக் கொடுப்பான்.

அந்தத் தம்பி காதலித்தான். ஆரணி பஸ் ஸ்டாண்டு அருகே மருந்துக் கடையில் வேலை பார்த்த மதிவதனி. படவேட்டுக் கூலிக் குடும்பம், வேறு சாதி. அருணகிரி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். தம்பி போனால் தறி நின்றுவிடும் என்று உறைத்ததும் இறங்கி வந்தான். ஆனால் இறங்கி வந்ததை ஊர் பார்த்துவிடக் கூடாதே! கல்யாணத்துக்கு வீட்டையே புதுசாக்கினான். தறி இருந்த கூடத்தின் மண் தரையைப் பெயர்த்து, முகம் தெரிகிற மாதிரி டைல்ஸ் ஒட்டினான். காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்கும் சிமெண்ட் பூசினான்.

கல்யாணம் முடிந்து தறியில் உட்கார்ந்தால், இழைகள் அறுந்தன.

இழை அறுவது நெசவாளிக்குப் புதிதல்ல. ஆனால் ஒன்றை முடிந்து நிமிர்வதற்குள் அடுத்தது போனது. நூல் மட்டம் என்று, பாவும் நூலும் கொடுக்கிற முதலாளியோடு சண்டை போட்டான். நூலை மாற்றினான். சுடுகாற்றில் பட்டு முறுகும் என்று தெரியும், ஜன்னலைச் சாத்தினான். இத்தனை வருடம் அடியிலிருந்து தறிக்கு ஈரம் கொடுத்தது மண் தரைதான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மிதித்த தரையைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

வந்தவாசி ரோட்டில் குறி சொல்கிற ஒருவரிடம் போய் நின்றான். அவர் கண்ணை மூடித் திறந்து கேட்டார்.

"வூட்டுக்குப் புதுசா இன்னா வந்துச்சு?"

இதைவிடச் சரியான கேள்வியை எந்த இன்ஜினியரும் கேட்டிருக்க மாட்டார். அருணகிரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"தம்பி பொண்டாட்டி, சாமி."

அன்று முதல் மதிவதனி கூடத்தில் கால் வைக்கக் கூடாது என்றாயிற்று. அவளோ புது டைல்ஸ் பளபளக்க வேண்டுமென்று காலையும் மாலையும் துணியைச் சொட்டச் சொட்ட நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவள். தறிக்குக் கிடைத்த அந்தக் கொஞ்ச ஈரமும் போயிற்று. இழைகள் முன்னைவிட மோசமாக அறுந்தன. அருணகிரிக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. தடுத்ததும் வன்மம் கூடிவிட்டது, இது செய்வினைதான். தன் மடத்தனமே தனக்குச் சாட்சி சொல்ல வந்தால் எந்த முட்டாள் நம்பாமல் இருப்பான்?

ஒரு நாள் மத்தியானம் ஒரு பிடி இழை மொத்தமாக அறுந்தது. குழியிலிருந்து எழுந்தவன் நேரே சமையலறைக்குப் போய் மதிவதனியின் தலைமுடியைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தான்.

"இன்னாடி வெச்சுகினு கீற இந்த வூட்டுல? எங்க பொதச்சு வெச்ச? சொல்லு!"

"மாமா, நான் ஒண்ணும் பண்ல மாமா! வுடுங்க, வலிக்குது!"

அறைந்தான். கம்மல் காதைக் கிழித்துக்கொண்டு போனது, கழுத்தெல்லாம் ரத்தம். தலையைச் சுவரில் மோதினான். தடுக்க வந்த ஸ்வர்ணலதா வயிற்றில் உதைபட்டு விழுந்தாள். நெய்த துணி சுருளும் மரத்தைத் திருப்புகிற தடியை உருவி அவன் ஓங்கியபோது ஹேமநாத் நடுவில் பாய்ந்து கையை நீட்டினான்.

"அண்ணா, வோணாண்ணா!"

தடி இறங்கிவிட்டது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தம்பியின் வலது மணிக்கட்டு தொங்கியது.

ஆஸ்பத்திரியில் ஹேமநாத் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை, ஆனால் திரும்பி வரவும் இல்லை. மனைவியோடு படவேட்டுக்குப் போய்விட்டான். எலும்பு கூடியது, மணிக்கட்டு திரும்பவில்லை. நாடா வாங்கிய கை இப்போது சோறு பிசையவே திணறுகிறது.

மதிவதனி போன பிறகும் இழைகள் அறுந்துகொண்டேதான் இருந்தன. துணைக்கைக்கு ஸ்வர்ணலதாவை உட்கார வைத்து, அறுந்த ஒவ்வோர் இழைக்கும் அவளை ஏசினான். ஒரு காலை ஆத்திரத்தில் தண்ணீர்க் குடத்தை அவள் மேல் உதைத்தான். கூடம் முழுக்கத் தண்ணீர் ஓடித் தறிக்குழியில் தேங்கியது. அதைத் துடைக்கவும் விடாமல் தறியில் ஏறி உட்கார்ந்தான். அன்று பொழுது சாயும் வரை ஓர் இழையும் அறவில்லை.

கால் ஈரத்தில் இருந்தது. பழைய மண் தரையின் அதே குளிர்ச்சி. குறிகாரரின் கேள்வி அவனுக்கு அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. கடப்பாரையை எடுத்து டைல்ஸை உடைத்தான். சில்லு பறந்து நெற்றியைக் கிழித்தும் நிறுத்தவில்லை, அழுதுகொண்டே உடைத்தான்.

அந்தக் கண்ணீரோடு படவேட்டுக்குப் பஸ் ஏறியிருந்தால் அவனை மனிதன் என்று சொல்லலாம். ஏறவில்லை. தெரியாமல் அடித்தவரை ஒரு சாக்காவது இருந்தது. தெரிந்த பிறகு மண் தரை போட்டுவிட்டு டீக்கடையில் போய், "தம்பி பொண்டாட்டி போனா, தறி சரியாப் பூட்ச்சு" என்றானே, அதற்கு என்ன சாக்கு?

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பக்கத்துத் தெரு ஜெகநாதன் அருணகிரியின் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரும் நெசவுதான். சமீபத்தில் மகனுக்குக் கல்யாணம் முடித்திருந்தார்.

"எங்க வூட்லயும் அதே பேஜாருப்பா. இழை நிக்கவே மாட்டேங்குது. உனுக்கு எப்படி சரியாச்சு?"

டைல்ஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், தம்பியின் கையை எதற்கு ஒடித்தாய் என்று ஊர் கேட்கும்.

"மருமவ வந்து எத்தினி மாசம் ஆவுது?" என்று அருணகிரி கேட்டான்.

ஜெகநாதனின் முகம் இறுகியது. தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து ஸ்வர்ணலதா வந்தாள். கையில் கடப்பாரை. அருணகிரி தன்னையறியாமல் ஓர் அடி பின்வாங்கினான். அவள் அதை ஜெகநாதன் முன் வைத்தாள்.

"அண்ணா, கல்யாணத்துக்குத் தறிக்கூடத்துல டைல்ஸ் போட்டீங்க இல்ல? அதப் பேத்துட்டு மண்ணு போட்டுத் தண்ணி தெளிங்க. இங்க அப்படித்தான் சரியாச்சு. அந்தப் பொண்ணு மேல மட்டும் கைய வெச்சுடாதீங்க."

"ஏய்!" அருணகிரி கையை ஓங்கினான்.

"அடி," என்றாள். இத்தனை வருடத்தில் அவனை ஒருமையில் பேசியதில்லை. "அடிச்சிட்டு, உன் தம்பி கைய எதுக்கு ஒடச்சன்னு இவுருகிட்ட சொல்லு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெகநாதன் கூடத்தின் மண் தரையைப் பார்த்தார், அருணகிரியைப் பார்த்தார். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார்.

அருணகிரி தறியில் போய் உட்கார்ந்தான். தரை ஈரமாக இருந்தது, இழை ஒன்றும் அறவில்லை. ஸ்வர்ணலதா வந்து உட்காரவில்லை. அவன் நாடாவை எறிந்தான். மறுபக்கம் வாங்க ஆள் இல்லாமல் அது தரையில் விழுந்தது.