சர்வருக்கு வைத்த பொட்டு

மகளுக்கு ரப்பர் வாங்கப் பாண்டி பஜார் போனேன். இப்போதெல்லாம் ரப்பரில் ஸ்ட்ராபெரி வாசனை வருகிறது. எனக்கு ரப்பர் என்றால் சந்தன வாசனைதான் வரவேண்டும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பாதி கம்ப்யூட்டர் சென்டராக மாறியிருந்தது. முன்னறையில் சரோஜா டீச்சரின் டைப்ரைட்டர்கள். பின்னறையில் ஏழு கம்ப்யூட்டர்கள். மூலையிலிருந்த சர்வர் எழுந்தால்தான் அவையும் எழும். சர்வரின் மதர்போர்டு ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இரண்டு பிராசஸருக்கு இடம், ஒன்று எப்போதும் காலி. எங்கள் வீட்டில் ஒரே நாற்காலி, உட்கார நாலு பேர். அந்தக் காலி இடத்தைப் பார்க்கவே எனக்குப் பெருமையாக இருக்கும்.

அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்து புத்தகத் தமிழ் பேசுவேன். பதறினால் மட்டும் ஆற்றங்கரைப் பேச்சு வாயில் வந்துவிடும்.

ஆயுத பூஜையன்று முதலாளி, "எல்லாத்துக்கும் பொட்டு வச்சுடுடா" என்றார். புத்திசாலியாக இருந்தவன் பெட்டியின் மேல் வைத்திருப்பான். உழைப்பது உள்ளே இருக்கும் போர்டு, பொட்டு மட்டும் தகரத்துக்கா? மூடியைக் கழற்றினேன். போர்டுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, போர்டில் சொருகியிருந்த மெமரி கார்டுகளின் தலையில் ஒவ்வொன்று. சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. பூஜையன்று ஆயுதங்களைத் தொடக்கூடாது என்பதால் யாரும் சுவிட்ச் போடவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஒன்பது மணிக்குப் புது மாணவர்கள். அதைவிட, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க அப்பா வருகிறார். "இருக்கிறதிலேயே பெரிய கம்ப்யூட்டர் என் கையிலதான்" என்று அவரிடம் அளந்து வைத்திருந்தேன். எட்டேகாலுக்கு சுவிட்ச் போட்டேன். திரை கறுப்பு. பீப், பீப், பீப்.

"என்னடா இது, மூணு தரம் கத்திட்டு அப்படியே நின்னுண்டிருக்கு?" என்று வந்தார் முதலாளி.

"பழசு சார்" என்றேன். பொய்யில்லையே. ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், பொத்தான் பேட்டரியை மாற்றினேன். மறுபடி மூன்று பீப். மூன்று பீப் என்றால் பெரும்பாலும் மெமரிக் கோளாறுதான்; ஆனால் மெமரியை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. நேற்றுத்தான் பொட்டு வைத்து மரியாதை செய்திருக்கிறேன், அது துரோகம் செய்யுமா?

"ரிச்சி தெருக்காரன் நம்ம தலைல கட்டிட்டான். இன்னிக்கு அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்!" முதலாளி போனை எடுத்தார்.

சரோஜா டீச்சர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, உள்ளேர்ந்து கோயில் வாசனை வருது?"

"இன்னா டீச்சர் பண்றது, சார்தான் எல்லாத்துக்கும் வைக்கச் சொன்னாரு!"

முதலாளி போனை வைத்தார். "பொட்டோட நிறுத்திண்டியா? பூ சுத்தலையா?"

"உள்ள எடமில்ல சார்."

டீச்சர், டைப்ரைட்டர் எழுத்து துலக்கும் பிரஷ்ஷோடும் ரப்பரோடும் வந்தார். மெமரி கார்டுகளின் தங்கப் பற்களில் வழிந்து காய்ந்திருந்த சந்தனத்தை நான் ரப்பரால் தேய்க்க, சொருகும் பள்ளத்தை அவர் துலக்கினார். வாசலில் அப்பா செருப்பைக் கழற்றும் சத்தம். சுவிட்ச் போட்டேன்.

ஒரே ஒரு பீப். திரையில் எழுத்து ஓடியது.

"இன்னாடா, நான் வந்ததும் சலாம் வைக்குது?" என்றார் அப்பா.

"ஆமா நைனா, உனக்காவத்தான் காத்துக்கினு இருந்துச்சு." எல்லார் முன்னாலும் அப்படித்தான் சொன்னேன். புத்தகத் தமிழ் ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். எங்கள் குடிசைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். என் இப்போதைய ஆபீஸ் சர்வர் எந்த ஊரில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு நின்று யோசித்து, லேப்டாப் மூடியின் மேல், நன்றாகக் கெட்டியாக, ஒரு பொட்டு வைக்கிறேன். மறுநாள் திறந்தால் சத்தமே இல்லாமல் எழுகிறது. அப்பா இருந்திருந்தால், "இன்னாடா இது, மரியாத தெரியாததா கீது" என்றிருப்பார்.