பழப்புளி போட்டு விளக்கிய வாள்

யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஜப்பான் வாளைப் பார்த்து அசலா போலியா என்று சொல்கிறான் என்றால் லண்டனில் பலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஸ்ட்ரெதமில் பழம்பொருள் கடை வைத்து, இந்த வாள்களோடேயே தலை நரைத்தவன் நான். என் மேசைக்கு வருகிறவற்றில் பாதி போலி. அதை முகத்துக்கு நேரே சொல்லிப் பலரிடம் நன்றாக வாங்கிக் கட்டியும் இருக்கிறேன்.

ஒருநாள் லண்டனின் மறுகோடியிலுள்ள வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பெண் வந்தார். திரைச்சீலைக் கம்பி வந்த நீளமான அட்டைப் பெட்டிக்குள், பழைய சேலையால் சுற்றிய ஒரு வாள். ரயிலும் பஸ்ஸும் மாறி அப்படியே தூக்கி வந்திருக்கிறார். பொலிஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் கதையே வேறு.

அவர் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். வாள் அவர் பராமரிக்கும் வெள்ளைக்காரக் கிழவர் ஒருவருடையது. கிழவரின் தகப்பன் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்ததாம். கையால் அடித்த பழைய வாள் என்று தகப்பன் சொல்ல, ஜப்பான் பட்டாளத்துக்காகத் தொழிற்சாலையில் செய்து தள்ளியது என்று உறவுக்காரர் அவரைச் சாகும்வரை கேலி செய்தார்களாம்.

“அண்ணை, அவருக்கு இனி எழும்ப ஏலாது. அப்பா சொன்னது உண்மையோ எண்டு மட்டும் தெரிஞ்சாப் போதுமாம். விக்கிறதுக்கு இல்லை,” என்றார்.

மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினேன். வாளின் வயசைச் சொல்வது பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்புத் தண்டில் காலங்காலமாகப் படிந்த கறுப்புத் துருதான். அதை யாரும் தொடவே கூடாது. இங்கே தண்டு பளபளவென்று மின்னியது. செய்தவரின் பெயர் வெட்டியிருந்த இடத்தில் சில கீறல்கள்தான் மிச்சம்.

“இதை ஆர் செய்தது?”

“நான்தான் அண்ணை. பிடி ஆடிக் கழண்டுபோச்சு. உள்ளுக்கை ஒரே கறள், கறுப்பாய்த் துருப்பிடிச்சுக் கிடந்தது. உங்களிட்டை இப்பிடியே கொண்டுவாறதோ எண்டு பழப்புளி போட்டு, இரும்பு நாராலை உரஞ்சினன்.”

நல்ல நாள் வருகிறதென்றால் எங்கள் வீடுகளில் குத்துவிளக்குக்கு நடப்பது வாளுக்கும் நடந்திருக்கிறது. மரியாதைக்குச் செய்த வேலைதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “விளக்கெண்டு நினைச்சியளோ? இருந்த சாட்சியை எல்லோ அழிச்சுப்போட்டியள்!” என்று கத்திவிட்டேன். அவர் சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். பாவமாகப் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். நுனியில் துருக்குழிகள், நடுவில் ஒரு வெட்டு, பலமுறை தீட்டித் தேய்ந்த உடம்பு. ஆனால் மடித்து மடித்து அடித்த உருக்கில் மட்டும் தெரியும் வரிகள், பலகையில் ஓடுவது போல ஓடின. கூரின் ஓரமாகப் பால்நிறப் பட்டை. பூதக்கண்ணாடியில் பார்த்தேன், போலிகளில் போல அமிலம் தடவி வரைந்ததல்ல. ஆணிக்கு ஒரு துளை போதும், இந்தத் தண்டில் இரண்டு. ஒரு காலத்தில் இன்னும் நீளமாக இருந்ததைப் பிறகு வந்த யாரோ தனக்கேற்றபடி வெட்டிக் குறைத்து, பிடிக்குப் புதுத் துளை போட்டிருக்கிறார். பழப்புளியால் துளையை அழிக்க முடியாதே!

“ஆர் செய்தது, எந்தக் காலம் எண்டு இனிச் சொல்ல ஏலாது. ஆனா இது பழைய வாள், கையாலை அடிச்சது. தகப்பன் பொய் சொல்லேல்லை,” என்றேன்.

உடனே அவர் கிழவருக்குப் போன் எடுத்து, எனக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். நான் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். “அப்பா சொன்னது உண்மைதான்,” என்று கிழவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, செய்தவர் பெயர் இருக்கிறதா என்று கேட்டார். நான் பொருத்தமான ஒரு பொய்யைத் தேடுவதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டு, பெயர் இருந்ததையும் தான் உரஞ்சி அழித்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

இனி அவர் கிழவரிடம் வாங்கிக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“உன் கையை வெட்டிக்கொண்டாயா?” என்று கேட்டார் கிழவர்.

“கொஞ்சம்தான், ஆறிவிட்டது,” என்றார் அந்தப் பெண். இவ்வளவு நேரமும் என் மேசைமீது இருந்த அவருடைய கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.