அப்பா செய்த கடலடி மலை

எங்கள் குடியிருப்பில் கடலைப் பார்த்தவர்கள் எல்லாரும் காணும் பொங்கலன்று மெரினாவுக்குப் போய்ப் பார்த்தவர்கள்தான். அதிலும் பாதிப் பேர் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். அப்படிப்பட்ட ஆவடியில் இருந்துகொண்டு, கடலுக்கு அடியில் இருக்கும் மலையைச் செய்து காட்டப்போகிறேன் என்று எட்டாம் வகுப்பில் நான் கையைத் தூக்கினேன்.

அதற்குக் காரணம் எரிமலை. அறிவியல் கண்காட்சி என்றாலே எங்கள் பள்ளியில் எரிமலைதான். களிமண், ஆப்ப சோடா, எலுமிச்சம்பழம், கொஞ்சம் குங்குமம். அந்த வருடம் பி பிரிவுக்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு எரிமலையைப் பிடித்துவிட்டார்கள். மாவட்டக் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாதிரிதான் போகும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கு அங்கே போக வேண்டும். அதுவரை என் பெயர் ஒலிபெருக்கியில் ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது, திருமுல்லைவாயில் கோயில் திருவிழாவில் நான் தொலைந்துபோனபோது. இன்னொரு முறை, கொஞ்சம் மரியாதையாக வரட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ப்ரவுசிங் சென்டரில் அச்செடுத்த இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லாருக்கும் பாடம் நடத்தினேன். ஆழத்தில் ஓடும் நீரோட்டம் மலையில் முட்டினால் நின்றுவிடாது. ஒதுங்கியும் மேலேறியும் போகும். மலையின் தோள்களிலும் உச்சியிலும் அதற்கு வேகம் கூடும். அந்த வேகம் சேற்றைத் தங்கவிடாமல் அடித்துக்கொண்டு போவதால் அங்கே வெறும் பாறை கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பவளங்களும் கடற்பஞ்சுகளும் வளரும். அவற்றால் ஓர் அடிகூட நகர முடியாது. நீரோட்டம் கொண்டுவந்து தருகிற துணுக்குகளை நின்ற இடத்திலேயே பிடித்துத் தின்னும். மலைக்குப் பின்னால் ஓட்டம் தணியும் இடத்தில் வண்டல் படியும். அங்கே குடித்தனம் நடத்துவது புழுக்களும் கடல்வெள்ளரிகளும்.

அம்மா சென்னையை ஒட்டிய பாடியில் பிறந்து வளர்ந்தவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அப்ப குந்தின எடத்துலயே துன்னுகினு கீது. உன்ன மாதிரி" என்றார்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். அவர் அதிகம் பேசமாட்டார். "மலைய நான் செஞ்சு தாரேன்டி" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர். இரும்பை அறுத்தால் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, வலது கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்த பிறகுதான் பொருளைக் கீழே வைப்பார். அந்தப் பழக்கம் அவரோடு சைக்கிளில் வீட்டுக்கும் வந்துவிடும். தாழ்ப்பாள், டிபன் பாக்ஸ் மூடி, என் காம்பஸ், புதிதாக வாங்கிய தட்டு என்று எதையும் தடவிப் பார்க்காமல் விடமாட்டார். தோசையை மட்டும்தான் தடவாமல் தின்கிறார் என்று அம்மா சொல்வார். ஒருமுறை அவருடைய மேலதிகாரி ஒரு பொருளைக் கையில் எடுத்து, 'உன் கை பட்டதா, அப்ப நான் பாக்க வேண்டியதில்ல' என்று சொல்லிக் கீழே வைத்தாராம். அப்பா அதை அம்மாவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மீதியை அம்மா பார்த்துக்கொண்டார். எங்கள் தெருவில் அதைக் கேட்காத வீடு கிடையாது.

அப்பேர்ப்பட்டவர் மலை செய்தால் எப்படி இருக்கும்? கோழிவலையை வளைத்து, சிமென்ட் பூசி, காயவிட்டு, முரட்டு உப்புத்தாளால் ஒருமுறையும் நைஸ் உப்புத்தாளால் இரண்டு முறையும் தேய்த்து, சாம்பல் நிற பெயின்ட் இரண்டு கோட்டிங் கொடுத்தார். பத்து நாள் சாயங்காலங்கள் அதற்கே போயின. மீன் தொட்டி இரவல் கொடுத்த எதிர்வீட்டு மாமா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கணக்கா கீது அண்ணாத்தே" என்றார். அப்பா அன்று ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அம்மா தேங்காய் நாரை மஞ்சளிலும் குங்குமத்திலும் நனைத்துப் பவளங்கள் செய்தார். நான் அவற்றைப் பசை வைத்து மலையெங்கும் ஒட்டினேன். நீரோட்டத்துக்கு ஏர்கூலர் மோட்டார். கடலில் மிதந்து வரும் உணவுக்கு, உப்புமாவுக்கு வைத்திருந்த ரவை.

பள்ளியில் டீச்சர் முன்னால் மோட்டாரைப் போட்டேன். முதல் பவளம் அரை நிமிடத்தில் கழன்றது. அதன் பிறகு ஒவ்வொன்றாக மலையைவிட்டு இறங்கி, ஊர்வலம்போல் போய்த் தொட்டியின் மூலையில் கூடிக்கொண்டன. ரவையும் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு அங்கேயே போனது. மலை மட்டும் திருப்பதிக்குப் போய்வந்த தலைபோல் நடுவில் பளபளத்தது. பி பிரிவுக்காரர்கள் சிரித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய எரிமலை குறித்த நேரத்தில் பொங்கி, எல்லாரிடமும் கைதட்டல் வாங்கியிருந்தது. டீச்சர் நல்லவர். திங்கட்கிழமை இன்னொரு முறை பார்க்கிறேன், அப்போதும் நிற்காவிட்டால் எரிமலையை அனுப்பிவிடுவேன் என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து அழுதேன். அழுகையோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாம் உங்க ஃபினிஷிங்காலதான். கடலுக்குள்ள இருக்கிற மலை இப்படியா வழவழன்னு இருக்கும்? கரடுமுரடா இருந்தாதானே எதுவும் பிடிச்சு நிக்கும்? உங்கள யாரு தேய்க்கச் சொன்னது?"

அப்பா அந்த அச்செடுத்த பக்கங்களை வாங்கி, மங்கலாக விழுந்திருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சனிக்கிழமை முழுக்க மலையின் பக்கமே போகவில்லை. என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்து குடியிருப்பே கண்ணயர்ந்திருந்த வேளையில் பின்கட்டிலிருந்து டங் டங் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அப்பா சாக்கை விரித்து உட்கார்ந்து, மலையை மடியில் சாய்த்து வைத்து, உளியால் கொத்திக்கொண்டிருந்தார். பெயின்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. தோள்களிலும் உச்சியிலும் குழிகள், பொருக்குகள், உடைந்த விளிம்புகள். ஓர் அடி அடிப்பார், கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார், அடுத்த அடி அடிப்பார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சீண்டுகிறவர் அன்று "மெதுவா செய்யி" என்று மட்டும் சொன்னார்.

கொத்தி முடித்ததும் அப்பா பழக்க தோஷத்தில் கட்டைவிரலை மலைமேல் ஓட்டினார். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "சரியா வந்திருக்கு" என்றார். பிறகு குழிகளில் சிமென்ட் பாலை விட்டு நார்ப் பவளங்களை ஒவ்வொன்றாக நட்டார். காய்வதற்கு ஒரு ராத்திரி போதுமா என்று கவலைப்பட்டேனே தவிர, அவருடைய விரலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு பவளமும் நகரவில்லை. தண்ணீர் வேகமாக ஓடிய தோள்களில் ரவை தங்காமல் பறந்தது, ஆனால் நார்கள் அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தன. மலைக்குப் பின்னால், ஓட்டம் அடங்கிய இடத்தில், ரவை மெல்லப் படிந்து ஒரு சின்ன மேடானது. அச்செடுத்த இரண்டு பக்கங்களும் கண்ணெதிரே நடந்தன. டீச்சர் மோட்டாரை நிறுத்தச் சொல்லவே இல்லை. எரிமலை அந்த வருடம் பள்ளியிலேயே தங்கிவிட்டது.

இன்று என் பிழைப்பே கடலடி மலைகள்தான். ஆழத்தில் எடுத்த படங்களைத் திரையில் ஓட்டி, எந்த முகட்டில் என்ன வளர்ந்திருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. நீரோட்டம் ஓயாமல் உரசிப்போகும் முகடுகளில், ஒரு பொருக்கை, ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு பவளங்கள் கைவிரித்து நிற்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பின்கட்டு உளிச்சத்தம் கேட்கும். அம்மா சொன்னதும் சரிதான். குந்தின இடத்திலேயே தின்று வளர்ந்தவள் நான். நான் பிடித்துக்கொள்ள இடம் கொத்திக் கொடுத்தவரும் எனக்கு ஊட்டியவரும் இப்போது பாரிவாக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மலை மொட்டைமாடியில் தொட்டிச் செடிகளுக்கு நடுவே இருக்கிறது. மழைக்காலத்தில் அப்பா கொத்திய குழிகளில் மட்டும் பச்சைப் பாசி பிடிக்கிறது. அவர்களுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன் என்பது சின்ன வார்த்தை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் ஒருமுறை சொல்லாமல் நின்றவள் நான்.

மாவட்டக் கண்காட்சி அம்பத்தூரில் ஒரு பள்ளியில் நடந்தது. அப்பா லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள், இரண்டாம் பரிசு. நடுவர்களிடம் தோள், உச்சி, வண்டல் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்ததை நினைத்து, என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் மேலதிகாரி எங்கள் மேசைக்கு வந்தார். அவருடைய மகனும் ஏதோ மாதிரி செய்து கொண்டுவந்திருந்தான். மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை இறைத்துவிட்டு, மலையை வெளியே எடுத்து வைத்திருந்தோம். அவர் குனிந்து அதன் உடைந்த விளிம்பை விரலால் தொட்டார். முகம் சுளித்தார்.

"இன்னாப்பா இது, கன்னாபின்னான்னு கீது. உன் கையா இது?"

கரடுமுரடாக இருந்தால்தான் பவளம் நிற்கும், அதற்காகத்தான் என் அப்பா கொத்தினார் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரம் சான்றிதழில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "ஆமா சார், என் கைதான்" என்றார்.

சொல்லிவிட்டு வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அடடா, கட்டைவிரல் காயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.