இதோ அண்ணன் வந்துசேர்ந்த கதை

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி லிஃப்ட் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் இதோ அண்ணன். எங்கே லிஃப்ட் நின்றுபோனாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் பதறியடித்துப் போன் செய்தால், "இதோ வந்துட்டேன்" என்பார். அந்த நேரத்தில் மனுஷன் நகரத்தின் மறுகோடியில் வேறொரு லிஃப்டின் தலைமேல் குந்திக்கொண்டு கிரீஸ் தடவிக்கொண்டிருப்பார். அதற்காக அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியுமா? நாம் எல்லோருமே பாதி வழியில் வந்துவிடுகிறவர்கள், செருப்பைத் தேடும்போதே கிளம்பிவிட்டவர்கள். கேட்கிறவர்களும் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

அப்படிக் கழித்துக் கேட்கத் தெரியாத ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்தாள். மகள், ஒன்பது வயது, வீட்டில் பாப்பா. ஆட்டிசம் உள்ள குழந்தை. பேச்சு குறைவு. ஆனால் காதில் விழுந்த சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வாள், ஒரு எழுத்து கூடாமல் குறையாமல்.

போன வருஷம் அவர், மனைவி, பாப்பா மூன்று பேருமாகக் கடல் பார்க்க ரயிலேறினார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை, பாப்பா நெளிய ஆரம்பித்தாள். இதோ அண்ணன் வழக்கம்போல வாயைத் திறந்து, "இதோ வந்துட்டோம் பாப்பா" என்றார். பாப்பா எழுந்து நேராகக் கதவுக்குப் போனாள். ரயில் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறக்கவில்லை. அவள் தலையைக் கதவில் மோதிமோதி அலறினாள். பெட்டியே வேடிக்கை பார்த்தது. குழந்தையை வளர்க்கும் லட்சணத்தைப் பாருங்கள் என்று ஒரு பெரிய மனுஷன் தன் பங்குக்கு உபதேசம் வேறு செய்தார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, டாக்ஸி பிடித்து வீடு வந்து சேர்ந்தார்கள்.

வந்ததும் மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவ என்ன தப்பு பண்ணா? வந்துட்டோம்னு சொன்னீங்க. எறங்கப் போனா" என்றாள். பிறகு, பாப்பாவின் நெற்றி வீக்கத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, "இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கலாம். அதுவும் கெட்டுப்போச்சுன்னா, இனிமே யாராவது ஒருத்தர் இவளோட வீட்ல இருந்துக்கலாம். மூணு பேரா போற பேச்சே வேண்டாம்" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு இன்னொன்றும் உறைத்தது. வேலை முடிந்து போனில் அவர் "வந்துட்டேன்" என்று சொன்ன மாலைகளிலெல்லாம் பாப்பா ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்திருக்கிறாள். வெளியே ஆளைக் காணாமல் அழுதிருக்கிறாள். போன் சத்தம்தான் அவளுக்கு ஆகவில்லை என்று இத்தனை நாள் போனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பயணத்துக்கான ஏற்பாட்டை மனைவி கையில் எடுத்தாள். பள்ளிக்கூட டீச்சர் சொன்னபடி ஒரு நீள அட்டையில் வரிசையாகப் படங்கள் ஒட்டினாள்: வீடு, ரயில், கடல், ரயில், வீடு. தினமும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். லீவு நாட்களில் சும்மா ஸ்டேஷன்வரை போய், ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். உறுத்தாத பழைய கவுன், அதன் கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளைக்கூட வெட்டியாயிற்று. இரைச்சலுக்குக் காதை மூடும் ஹெட்போன். பாப்பா சமத்தாக எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டாள்.

பழகாதது அப்பாவின் வாய்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வந்து" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "இந்த ஸ்க்ரூவை முடுக்கிட்டு, கை கழுவிட்டு வரேன்" என்று முடிப்பார். மனைவி உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்குவாள். வேலையிலும் அதே வம்பு. லிஃப்டில் சிக்கிய ஒருவரிடம், தான் இன்னும் கிளம்பவே இல்லை, வர அரை மணி ஆகும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அந்த ஆள் மேனேஜரைக் கூப்பிட்டுக் கிழித்தார். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, என்னய்யா, உனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா என்று கேட்டார்.

போகும் நாளன்று அவருடைய அக்காவும் சேர்ந்துகொண்டாள். நல்ல மனசு, ஓட்டை வாய். குழந்தையை எங்கேயாவது விட்டுவிட்டு நிம்மதியாக வரக்கூடாதா என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தாள். பாப்பாவும் வந்தால்தான் அது நிம்மதி என்று தம்பி வெடுக்கென்று சொல்லிவிட்டதில் கொஞ்சம் முறைப்பாகவே உட்கார்ந்திருந்தாள்.

பாதி வழியில், ஸ்டேஷனே இல்லாத இடத்தில், ரயில் நின்றது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. பாப்பாவின் விரல்கள் அட்டையின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தன. மனைவி அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடி தங்கம், இதோ கெளம்பி" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு" என்றார் அவர். தரையில் மண்டிபோட்டு, பாப்பாவின் முகத்துக்கு நேராக வந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நாக்கு துடித்தது. "ரயில் நிக்குது பாப்பா. எப்ப கெளம்பும்னு அப்பாவுக்குத் தெரியாது."

பாப்பா சுரண்டுவதை நிறுத்தினாள். "அப்பாவுக்குத் தெரியாது" என்றாள். திரும்பவும் சொன்னாள். அதைத் தாலாட்டு மாதிரி முணுமுணுத்துக்கொண்டு, ஜன்னலில் நெற்றியைச் சாய்த்தபடி, ரயில் நகரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் அக்கா பெருமூச்சு விட்டு, "அப்பாடா, வந்துட்டோம்" என்றாள். பாப்பா அட்டையைப் பார்த்து, "இல்ல" என்றாள். கடைத்தெரு தாண்டியும் இல்லை. மணல் தொடங்கியும் இல்லை. விடுவிடுவென்று நடந்தவள் தண்ணீர் வந்து காலை நனைத்த பிறகுதான் நின்றாள். அட்டையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

"வந்துட்டோம்" என்றாள்.

இதோ அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் வாரி இறைத்தவர் அவர். அதற்கு இவ்வளவு கனம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கண்ணைத் துடைப்பதற்குள் பாப்பா திரும்பிவிட்டாள். விரல் அடுத்த படத்துக்குப் போயிருந்தது. "ரயில்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடையைக் கட்டினாள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லையே, கால் நனைக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அக்கா புலம்பினாள்.

அவருக்குப் பகீரென்றது. கெட்டுப்போயிற்றா? மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவளோ பாப்பாவின் பின்னால் எட்டிப்போய், தோளுக்கு மேலாக அட்டையைப் பார்த்தாள். கடல், அதற்கடுத்து ரயில். நடுவில் எதுவும் இல்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள், மணலில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"தப்பு என்னுதுதாங்க. உக்காந்து சாப்புடுறதுக்குப் படமே ஒட்டல. அடுத்த தடவை ஒட்டிடுறேன்."

அடுத்த தடவை. அவர் காதில் அது மட்டும்தான் விழுந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"வரீங்களா இல்லியா?" என்று மனைவி தூரத்திலிருந்து கூப்பிட்டாள்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மணலில் கால் புதையப் புதைய ஓடினார். இருவர் பக்கத்திலும் போய் நின்று, மூச்சு வாங்கியபடி, "வந்துட்டேன்" என்றார்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். அப்பா இருந்தார்.